அந்த அமெரிக்கத் தீர்ப்பு எனக்கு உதவுமா?

சேலத்தைச் சேர்ந்த 34 வயது வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது.

அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு நாள் புதுச்சேரி சென்ற இவர், தன் பெயரிலேயே முன்பதிவு செய்து ஒரு விடுதியில் தங்கினார். இரண்டாம் நாள் காலை, கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவதற்காக, தொலைக்காட்சிக்குக் கீழே ஏற்கெனவே செருகியிருந்த வெள்ளைச் சார்ஜரை உருவினார். யாரும் பயன்படுத்தாத சார்ஜர் சூடாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்புத் துளை. பக்கவாட்டில் மெமரி கார்டு நுழையும் பிளவு. இரவு முழுவதும் அது கட்டிலைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.

கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு வரவேற்பு மேஜைக்கு ஓடினார். மேலாளர் வந்தார். “முன்னால் தங்கிய யாரோ விட்டுப் போயிருப்பார்கள்” என்று சொல்லி, விசாரிப்பதாகச் சாதனத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் வாடகை 7,600 ரூபாயைத் திருப்பித் தந்து, “எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சடித்த ரசீதில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 50,000 ரூபாய் தருகிறோம், போலீசுக்குப் போகமாட்டேன் என்று எழுதித் தாருங்கள்.

“புகார் கொடுத்தால்தான் ஊருக்கே தெரியும், விட்டுவிடு” என்கிறார் கணவர். கொழுந்தனாரோ, “அமெரிக்காவில் ஒரு டிவி தொகுப்பாளருக்கு ஹோட்டல்காரன் 370 கோடி கொடுத்தான், நாம் ஒரு கோடியாவது கேட்க வேண்டும்” என்கிறார். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கோ நடந்ததுபோல் அந்த அமெரிக்க வழக்கைப் பேச்சில் கொண்டுவந்திருக்கிறார் வாசகி. ஒருவர், “அதனால்தானே அந்தப் பெண் இன்னும் பிரபலமானாள், அதற்கு இத்தனை பணமா?” என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், “பிரபலம் என்பதால் கொடுத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?” என்றாராம். அன்றிலிருந்து வாசகிக்குத் தூக்கம் சரியில்லை. வீட்டில்கூட பிளக்குகள் மேல் டேப் ஒட்டிவைத்திருக்கிறார். பிரபலம் இல்லாத எனக்கு இழப்பீடு உண்டா, சாதனத்தைக் கொடுத்துவிட்டதாலும் ரசீதில் கையெழுத்துப் போட்டதாலும் எல்லாம் போய்விட்டதா, என் பெயர் வெளியே வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே, காத்திருக்கக் கூடாத இரண்டு வேலைகளை ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குச் சொல்லிவிட்டேன்: காவல்துறையில் புகார், சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி விடுதிக்கு நோட்டீஸ். இரண்டையும் செய்துவிட்டீர்கள் என்று பதில் வந்தது. அதனால் மற்றவற்றை இங்கே ஆற அமரப் பேசலாம். முதலில் அந்த அமெரிக்க வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் உங்கள் வீட்டில் ஒருவர் கோடிக் கணக்குப் போடுகிறார், உங்கள் அலுவலகத்தில் இருவர் பொறாமைப்படுகிறார்கள்.

நாஷ்வில்லில் நடந்தது என்ன?

அந்தப் பெண் எரின் ஆண்ட்ரூஸ். அப்போது இஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் விளையாட்டுச் செய்தியாளர். 2008 செப்டம்பரில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக டென்னசி மாநிலம் நாஷ்வில்லில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மேரியட் விடுதியில் தங்கினார். இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்த ஓர் ஆள் அவரைத் தொடர்ந்து வந்திருந்தான். விடுதியின் உள்தொலைபேசியில் அவர் அறைக்கு இணைப்புக் கேட்டபோது, அதன் திரையில் அறை எண் தெரிந்துவிட்டது. மேலே போய்ப் பார்த்தான், பக்கத்து அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கீழே வந்து அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டான். கொடுத்துவிட்டார்கள். ‘உங்கள் பக்கத்து அறையை ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார்’ என்று ஆண்ட்ரூஸிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியே நிற்பவரைப் பார்க்கக் கதவில் பதித்திருக்கும் கண்ணாடித் துளையை அவன் கழற்றி, ரம்பத்தால் அறுத்து மாற்றியமைத்தான். உடை மாற்றிக்கொண்டிருந்தவரை அதன் வழியே கைப்பேசியில் படம் பிடித்தான். அந்தப் பதிவை ஒரு பிரபலச் செய்தித் தளத்துக்கு விற்கப் பார்த்து, அவர்கள் வாங்க மறுத்ததும் இணையத்தில் ஏற்றினான். 2009 ஜூலையில் அது உலகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் கைதானான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2010 மார்ச்சில் கிடைத்தது இரண்டரை ஆண்டுச் சிறை.

நீங்கள் கேள்விப்பட்டது அதற்குப் பின் நடந்த சிவில் வழக்கு. 2016 மார்ச் 7 அன்று 12 பேர் கொண்ட ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு), மொத்த இழப்பீடு 5.5 கோடி டாலர் என்றது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 370 கோடி ரூபாய். உங்கள் கொழுந்தனார் சொன்ன தொகை சரிதான். ‘ஹோட்டல்காரன் கொடுத்தான்’ என்பதுதான் தவறு. படம் பிடித்தவன்மேல் 51 சதவீதம், விடுதியின் உரிமையாளரும் அதை நடத்திய நிறுவனமும் சேர்ந்து 49 சதவீதம் என்று ஜூரி பொறுப்பைப் பிரித்தது. விடுதித் தரப்பின் பங்கு சுமார் 2.7 கோடி டாலர். மீதி 2.8 கோடி, சிறைக்குப் போய் வந்த ஒரு தனி ஆளிடமிருந்து வர வேண்டியது. அது எந்தக் காலத்தில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விடுதித் தரப்பும் மேல்முறையீடு வரை போகாமல் அடுத்த மாதமே ரகசிய உடன்பாட்டுக்கு வந்துவிட்டது. அவர் கைக்குக் கடைசியில் வந்த தொகை வெளியே அறிவிக்கப்படவில்லை. பலகையில் பெயர் இருந்த மேரியட் தலைமை நிறுவனத்தையோ, வழக்கு ஜூரியிடம் வருவதற்கு முன்பே நீதிமன்றம் விடுவித்திருந்தது. பெயரை மட்டும் கொடுத்தவர் வேறு, அன்றாடம் விடுதியை நடத்துபவர் வேறு. இந்த வேறுபாடு உங்களுக்கும் தேவைப்படும். கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அதே மாதத்தில் புளோரிடாவிலும் ஒரு தீர்ப்பு வந்தது. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் அந்தரங்கக் காட்சியை வெளியிட்ட காக்கர் என்ற தளம் அவருக்கு மொத்தம் 14 கோடி டாலர் தர வேண்டும் என்றது ஜூரி. தளம் திவாலானது. ஆண்டு முடிவதற்குள் 3.1 கோடி டாலருக்கு ஒப்பந்தம் முடிந்தது. தலைப்புச் செய்தியில் வரும் தொகையையும் வங்கிக் கணக்கில் ஏறும் தொகையையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு யாரும் வழக்குக்கு இறங்கக் கூடாது.

“அதனால்தானே பிரபலமானாள்?”

உங்கள் சக ஊழியர் கேட்ட இந்தக் கேள்வியை நாஷ்வில் நீதிமன்றத்தில் விடுதியின் வழக்கறிஞர்களே கேட்டார்கள். சம்பவத்துக்குப் பிறகு ஆண்ட்ரூஸின் ஒப்பந்தங்களும் வருமானமும் வளர்ந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். ஜூரி அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தொகையைத் தந்தது.

இந்த வாதம் ஏன் எடுபடவில்லை? அவர் தரப்பு சம்பள இழப்பைக் காட்டி வரவில்லை. அவருடைய பெற்றோர் வந்து, மகள் எப்படி மாறிப்போனாள் என்று சாட்சி சொன்னார்கள். மனநல நிபுணர்கள் வந்தார்கள். அந்தக் காட்சியைச் சுமார் 1.7 கோடி பேர் பார்த்திருக்கலாம் என்று ஒரு பேராசிரியர் கணக்குச் சொன்னார். தொடக்கத்தில் பலர் அதை விளம்பரத்துக்காக அவரே செய்த தந்திரம் என்று பேசியதையும், மீண்டும் திரையில் தோன்றுவதற்கு முன் இதைப் பற்றிப் பேட்டி கொடுக்கச் சொன்னதையும் அவரே கண்ணீரோடு சொன்னார். அலுவலகத்துக்குப் போய்ச் சிரித்துப் பேசி வேலை செய்கிற ஒருவருக்கு உள்ளே வலி இருக்காது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. நீங்களும்தான் தினமும் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டுக்கு வந்து பிளக்கில் டேப் ஒட்டுகிறீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தொகை மிகப் பெரியது என்று சொன்ன எல்லாருமே பெண்ணின் வலியைக் கேலி செய்தவர்கள் அல்லர். கையைக் காலை இழந்தவர்களுக்கே சில லட்சம் டாலரோடு வழக்கு முடிகிற நாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு சரியா என்று கேட்டவர்களும் உண்டு. அது நேர்மையான கேள்வி. டென்னசி மாநிலம் 2011 அக்டோபர் முதல், மனவேதனைக்கான இழப்பீட்டுக்குப் பெரும்பாலான வழக்குகளில் 7.5 லட்சம் டாலர் என்று உச்சவரம்பே வைத்துவிட்டது. ஆண்ட்ரூஸின் சம்பவம் 2008-இல் நடந்ததால் அந்த வரம்பு அவரைத் தொடவில்லை. மூன்று ஆண்டு தள்ளி நடந்திருந்தால், விடுதியிடம் அவர் கேட்ட தொகைக்குக் குறுக்கே அந்த வரம்பு வந்து நின்றிருக்கும். அவருடைய புகழ் அப்போதும் அதேதான்.

இரண்டாவது சக ஊழியரின் பேச்சு, அவர் பிரபலம் என்பதால் கிடைத்தது என்பது, பாதி உண்மை. புகழால் அந்தப் பதிவு அதிகம் பேரிடம் போனது, அதனால் சேதமும் பெருகியது. ஆனால் விடுதியை மாட்டிவைத்தது அவருடைய புகழ் இல்லை. வரவேற்பு மேஜையில் நடந்ததுதான் மாட்டிவைத்தது. அறை எண் எப்படித் தெரிந்தது, பக்கத்து அறையை ஏன் கொடுத்தீர்கள், அவரிடம் ஏன் சொல்லவில்லை என்ற மூன்று கேள்விக்கும் விடுதியிடம் சரியான பதில் இல்லை. உங்கள் வழக்கும் இப்படிப்பட்ட கேள்விகளில்தான் நிற்கப்போகிறது.

புதுச்சேரி விடுதி பதில் சொல்ல வேண்டியவை

“முன்னால் தங்கியவர் வைத்திருப்பார்” என்கிறார் மேலாளர். உண்மையாகவே இருக்கலாம். அதனால் விடுதியின் பொறுப்பு மறைந்துவிடாது. நாஷ்வில்லிலும் படம் பிடித்தவன் விடுதி ஊழியன் இல்லையே. ஒருவர் அறையைக் காலி செய்தபின் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன், அறையில் என்னென்ன பொருள் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டா? அந்தச் சார்ஜர் விடுதி கொடுத்ததா? இல்லையென்றால், சுத்தம் செய்ய வந்தவர் கண்ணில் அது படவில்லையா? உங்களுக்கு முன் அங்கே தங்கியவர்கள் யார், அடையாள அட்டை வாங்கினார்களா? சாதனம் கிடைத்தவுடன் போலீசைக் கூப்பிடாமல் ஏன் உள்ளே கொண்டுபோனார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. விட்டுப்போன பொருளாக மட்டும் கருதியிருந்தால், புகார் வேண்டாம் என்பதற்கு 50,000 ரூபாய் எதற்கு?

உங்கள் வழக்கில் மூன்று பேர் எதிர்த்தரப்பாக இருக்கலாம்: விடுதிக் கட்டடத்தின் உரிமையாளர், அதை நடத்தும் நிறுவனம், நீங்கள் முன்பதிவு செய்த செயலி. மேரியட் விடுபட்ட கதையைச் சொன்னது இதற்காகத்தான். பலகையில் உள்ள பெயரை மட்டும் எழுதி நோட்டீஸ் அனுப்பினால், ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் ரசீதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். செயலியைப் பொறுப்பாக்குவது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அறையைப் பற்றி முன்பே புகார்கள் அவர்களுக்கு வந்திருந்தால் நிலைமை மாறும்.

அறைப் படிவத்தில் ‘பொருட்களுக்கும் பாதுகாப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்டு மிரள வேண்டாம். டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து விடுதி தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. காருக்கு உள்ள பாதுகாப்பு கட்டிலில் படுத்திருப்பவருக்கு இல்லாமல் போகுமா?

கையெழுத்தும் சாதனமும்

சாதனத்தைக் கொடுத்தது பெரிய தவறாகிவிட்டதே என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிர்ச்சியில் யாராக இருந்தாலும் மேலாளரிடம்தான் கொடுத்திருப்பார்கள். இப்போது அது விடுதியின் கையில் இருக்கிறது என்பதற்கு, வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியதே சாட்சி. அது ‘தொலைந்துவிட்டது’ என்றால், சாட்சியத்தை மறைத்த குற்றத்துக்கும் சேர்த்து அவர்கள் பதில் சொல்ல நேரிடும். உங்கள் இரண்டு படங்களும் முதலில் எடுத்த கைப்பேசியில் அப்படியே இருக்கட்டும். திருத்தவோ, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்கவோ கூடாது. கைப்பேசியை மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரிப்பார்.

ரசீதில் உள்ள ‘கோரிக்கை இல்லை’ என்ற வரி, வாடகைத் தகராறு முடிந்தது என்று வேண்டுமானால் காட்டும். சாதனத்தில் என்ன பதிவாகியிருந்தது என்றுகூடத் தெரியாத நிலையில், அன்று காலையிலேயே வாங்கிய கையெழுத்து அது. விடுதி அதைக் காட்டி வாதாடும், சந்தேகமில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையங்கள் இப்படிப்பட்ட சீட்டுகளை எந்தச் சூழ்நிலையில் வாங்கினார்கள் என்று பார்த்தே மதிப்பிடுகின்றன. குற்ற வழக்கைப் பொறுத்தவரை அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பெண்ணின் தனிமையை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின் கீழ் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை சிறை. இந்தக் குற்றத்தை இரு தரப்பும் தமக்குள் பேசி ராஜியாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு புகார் தரமாட்டேன் என்று எழுதித்தந்தாலும் அந்தத் தாள் செல்லாது. அதே சமயம், நாளைக்கு அதே தாளை எடுத்து நீட்டி, ‘காசுக்காகப் பேரம் பேசியவர்’ என்று உங்களைக் கூண்டில் நிறுத்துவார்கள்.

இந்தக் குற்றம் முதல் தடவையாக இருந்தால் ஜாமீனில் விடக்கூடியது. குற்றவாளி பிடிபட்டாலும் அன்றே வெளியே வந்துவிடலாம். அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். வழக்கு அதோடு முடிவதில்லை.

பெயர் வெளியே வருமா?

இதைத்தான் உங்கள் கணவர் அஞ்சுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பெண்ணின் பெயரை வெளியிடுவதே தண்டனைக்குரியது. உங்கள் புகார் வரும் 77-ஆவது பிரிவுக்கு அந்தத் தடை தானாகப் பொருந்தாது. பலர் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கேட்டு வாங்குங்கள். பாலியல் குற்றங்களின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருக்கிறது, அதைச் சுட்டி எழுத்தில் மனுக் கொடுங்கள். நீதிமன்ற ஆவணங்களில் பெயரை மறைக்கச் சொல்லியும் மனுச் செய்யலாம். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தரங்கப் படங்கள் பரவிய ஒரு பெண்ணின் வழக்கில், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. காவல்துறை ஆவணத்தில் அவர் பெயர் இருந்ததையும் கண்டித்தது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் புதுச்சேரியும் வருகிறது.

நீங்கள் சேலத்திலேயே ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை) கொடுத்தது நல்லது, அவர்கள் அதைப் புதுச்சேரிக்கு மாற்றிவிடுவார்கள். இந்தப் பிரிவின் கீழ் வரும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் உங்கள் உரிமை.

புகார் கொடுத்தால்தான் படம் பரவும் என்ற பயத்தில் ஒரு பிசகு இருக்கிறது. மெமரி கார்டு இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உங்கள் மௌனம்தான் வசதி. காவல்துறை அதைக் கைப்பற்றினால், படம் எதுவும் பதிவாகவில்லை என்றே தெரியவரலாம். அப்போதும் முயற்சி என்ற அளவில் குற்றம் நிற்கும், உங்களுக்கோ தூக்கம் திரும்பும். ஒருவேளை எங்காவது வெளியாகியிருந்தால், அந்தத் தளத்துக்கு நீங்களே நேரடியாகப் புகார் செய்யலாம். இப்படிப்பட்ட படங்களை நீக்க 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரக் கெடு விதித்தன. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்ய வழி இருக்கிறது. தேடுகிறேன் என்று நீங்களே இரவெல்லாம் அந்தத் தளங்களில் உட்காராதீர்கள். அந்த வேலையைக் காவல்துறையிடம் விட்டுவிடுங்கள்.

எங்கே கேட்பது, எவ்வளவு கேட்பது?

நம் ஊரில் ஜூரி கிடையாது. இழப்பீட்டை நீதிபதியோ நுகர்வோர் ஆணையமோ தீர்மானிக்கும். தனிமையைக் குலைத்தவர்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம் என்பது நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கில்லை. 1994-இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடர்ந்த, ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றே ஆக்கினார்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிக்காது, நீங்கள் செலுத்திய கட்டணம்தான் தீர்மானிக்கும். உங்கள் வாடகை 7,600 ரூபாய்தான், ஆகவே மாவட்ட ஆணையமே போதும், வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் ஏறும். கோடி கேட்டால் கட்டணமே லட்சங்களைத் தொடும்.

கொழுந்தனாரின் ஒரு கோடிக்கு வருகிறேன். டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் அழகு நிலையத்தில் முடியைத் தவறாக வெட்டிவிட்டார்கள் என்ற வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-இல் இரண்டு கோடி ரூபாய் வழங்கியது. நாடே பேசியது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, இழப்புக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆகவே தொகையை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணம் தேடாதீர்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதை வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்தால் உதவி தேவை என்று தெரிகிறது. அந்தச் சிகிச்சைக் குறிப்புகள், மருந்துச் செலவு, எடுத்த விடுப்பு, வெளியூர்ப் பயணத்தை மறுத்ததால் அலுவலகத்தில் இழந்த வாய்ப்பு ஆகியவற்றின்மேல்தான் தொகை எழும். சில லட்சங்களில் கேட்டு, அதற்கு வரிக்கு வரி ஆதாரம் வைத்திருப்பவர் வலுவாக நிற்பார். ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆண்ட்ரூஸுக்கே படம் பிடித்த நாளிலிருந்து தீர்ப்பு வர ஏழரை ஆண்டு ஆனது.

உடன்பாடு என்றாலே தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஆண்ட்ரூஸும் கடைசியில் உடன்பாடுதான் செய்துகொண்டார். காவல்துறை சாதனத்தைக் கைப்பற்றி, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சிவில் இழப்பீட்டுக்கு மட்டுமான ஒப்பந்தம் என்றால் உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து யோசிக்கலாம். எதற்கு விலை பேசுகிறோம் என்று தெரியாத இந்த நேரத்தில் வேண்டாம்.

மேலாளர் மறுபடி அழைக்கக்கூடும். நோட்டீஸ் போயிருப்பதால் இந்த முறை தொகை கூடவும் செய்யலாம். தொலைபேசியில் வாக்குவாதம் வேண்டாம், கோபத்தில் பதில் செய்தியும் வேண்டாம். “சொல்ல வேண்டியதை என் வழக்கறிஞருக்கு எழுத்தில் அனுப்புங்கள்” என்ற ஒரு வரி போதும். பழைய வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடும் அமைப்பு உங்கள் கைப்பேசியில் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். இயங்கினால் நிறுத்திவிடுங்கள்.